அடுப்பில் போன நாற்பது ஓவியங்கள்

“நாற்பது படத்தையும் அடுப்புல போட்டது நீங்கதானேம்மா?”

கட்டிலில் உட்கார்ந்ததுமே அருங்காட்சியக அதிகாரி சுற்றி வளைக்காமல் கேட்டார். போன மாதம் இறந்த ஓவியருக்கு நினைவுக் கண்காட்சி வைக்க வேண்டும். மாட்டுவதற்கு ஒரு படம்கூட இல்லை. ஊரே ஓவியரின் மனைவியைக் கரித்துக்கொட்டியது.

“‘எல்லாம் குப்பை, எரிச்சிடு’ன்னு அவர்தான் சார் சொன்னாரு. புகை வர்றதைப் பார்த்துட்டுத்தான் சாப்பிடவே உட்கார்ந்தாரு.”

“கோபத்துல ஆயிரம் சொல்வாரு. உங்க புத்தி எங்கே போச்சு? இனி தலைகீழா நின்னாலும் கிடைக்குமா?”

ஆற்றாமையில் மெத்தையை ஓங்கிக் குத்தினார். பலகையைக் குத்தியதுபோல் கை வலித்தது. அவர் கண் கலங்கியதை அவள் கவனித்தாள்.

“எல்லாரும் என்னைத் திட்டத்தான் வந்தாங்க. படத்துக்காக அழுத முதல் ஆள் நீங்கதான். கொஞ்சம் எந்திரிங்க சார்.”

கத்தரிக்கோலை எடுத்து மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்தாள். பஞ்சுக்கு நடுவே, பழைய துணி சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பது ஓவியங்கள். ஒன்றில்கூட நிறம் மங்கவில்லை.

“அப்போ எரிஞ்சது?”

“வெறும் மரச்சட்டம்.”

அதிகாரி தன்னையறியாமல் கைகூப்பினார். “அவருக்குத் தெரியுமாம்மா?”

“பதினோரு வருஷம் இது மேலதான் படுத்தாரு. முதுகு வலிக்குது, மெத்தையை மாத்துன்னு தினமும் சண்டை.” அவள் சிரித்தாள். “எரிக்கச் சொன்னாரு, மாத்தச் சொன்னாரு. அந்த ரெண்டு பேச்சை மட்டும்தான் சார் நான் கேட்கலை!”