நூற்றைந்தைத் தொடாத நாடி

"ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் போட்டா, இப்போ எவ்வளவு கஷ்டமா இருக்கு உம்மா?" என்று ரிஷானா கேட்டாள்.

"மூணு" என்றேன்.

உண்மையில் எட்டு. டிரெட்மில் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. மகனிடம் இரவல் வாங்கிய ஷூவுக்குள் என் பாதம் தனியாக ஒரு நடை நடந்தது.

ரிஷானா என் மூத்த மகள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேலைக்கான செய்முறைத் தேர்வு இது. இரண்டு தடவை தோற்றுவிட்டாள். மூன்றுக்கு மேல் விடமாட்டார்கள். ஜெயித்தால் மாவூர் ரோட்டில் ஒரு பெண்கள் ஜிம்மில் வேலை காத்திருக்கிறது. தோற்றால், அடி பொறுக்காமல் விட்டுவந்த புருஷன் வீட்டுக்கே அவளைத் திருப்பி அனுப்புவதென்று என் அண்ணன்மார் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள்.

ஐம்பது தாண்டிய, உடற்பயிற்சி வாசனையே இல்லாத ஒரு பெண்ணை அவரவரே கூட்டி வர வேண்டும் என்பது விதி. வருகிறேன் என்று சொன்ன என் தங்கை பத்து நாள் முன்னால் கையை விரித்துவிட்டாள். அந்த வாசனை இல்லாத விஷயத்தில் என்னை மிஞ்ச கோழிக்கோட்டில் ஆள் கிடையாது. நானே கிளம்பி வந்துவிட்டேன்.

நெஞ்சில் கட்டியிருந்த பட்டை என் நாடித் துடிப்பைத் திரையில் காட்டியது. தொண்ணூற்றிரண்டு.

என் ஐம்பத்தாறு வயதுக்கு, பத்து நிமிடத்துக்குள் அது நூற்றைந்தைத் தொட்டாக வேண்டும்.

தொடாது. எனக்குத் தெரியும்.

இரண்டு மாதமாக நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். நெஞ்சை வேகமாக அடிக்கவிடாத மாத்திரை என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்னாள். வீட்டில் மூச்சு விடவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் கடிதம் இல்லாமல் இந்த மிஷினில் ஏறக்கூடாது. கடிதம் கேட்டும் பார்த்தேன். பிரஷர் இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகள் சத்தம் போட்டுப் படித்த பாடத்தில் பாதி, அடுப்படியில் அயலை மீன் பொரித்துக்கொண்டே எனக்கும் மனப்பாடம். இந்த மாதிரி மாத்திரை போட்டவர்களிடம் நாடியை நம்பாதே, எவ்வளவு கஷ்டம் என்று வாயைக் கேள். அப்படித்தான் இருந்தது அந்தப் பக்கத்தில்.

நாடி தொண்ணூற்றிரண்டு, வாய் எட்டு என்றால், தேர்வு நடத்த எறணாகுளத்திலிருந்து வந்து எதிரே உட்கார்ந்திருக்கும் ஜெஸ்ஸி டீச்சருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும்.

அதனால்தான் மூணு.

மூணு என்றால் ரிஷானா வேகத்தைக் கூட்டியாக வேண்டும். கூட்டினாள்.

"நிறுத்தாம ஏதாவது பேசுங்க உம்மா" என்றாள், வீட்டில் இல்லாத மரியாதையோடு. மூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க அதுவும் ஒரு வழி.

"ஒரு மாசமா இவ என்னை அதைச் செய், இதைச் செய்னு சொல்றதே இல்லை டீச்சரே. சீனியைக் குறைச்சா உங்களுக்கு என்ன நன்மை வரும் உம்மான்னு கேக்குறா. நீ வாயை மூடினா எனக்கு நன்மைன்னு சொல்லிட்டேன்!"

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆளை விரட்டக் கூடாது, கேட்டுக் கேட்டு அவர் வாயாலேயே வரவைக்க வேண்டும் என்பது அவர்கள் பாடம். எனக்கு இருந்த மூச்செல்லாம் அந்தப் பேச்சோடு தீர்ந்தது.

தொண்ணூற்று நான்கு.

ரிஷானா மறுபடியும் கூட்டினாள். சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படம் இரண்டாகத் தெரிந்தது. தலையில் சுற்றியிருந்த மக்கனாவுக்குள் வியர்வை கழுத்து வழியாக இறங்கியது. விரல் நுனிகள் சில்லிட்டன. பயமாக இருந்தது. நிறுத்து என்று சொல்லவும் முடியவில்லை, தாங்கவும் முடியவில்லை.

டீச்சரின் சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த என் உடல்நலப் படிவத்தைக் கையில் எடுத்து, அக்கா முறை வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"இத்தா, பிரஷருக்கோ நெஞ்சுக்கோ மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களான்னு ஏழாவது கேள்வி. இல்லைன்னு எழுதியிருக்கு. சரிதானே?"

அந்தப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. போன வாரம் ரிஷானாதான் கேள்விகளை ஒவ்வொன்றாக மலையாளத்தில் சொல்லி, என் பதிலை எழுதிக் கையெழுத்து வாங்கினாள். நெஞ்சுவலி உண்டா, தலைசுற்றல் உண்டா, மூட்டில் வலி உண்டா. மாத்திரையைப் பற்றி எப்போது கேட்பாளோ என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அப்படியொரு கேள்வியே அதில் இல்லை, படைத்தவன் காப்பாற்றினான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. காது மடல் வரை சிவந்திருந்தது.

கேட்டால் உண்டு என்று சொல்லிவிடுவேனோ என்று அந்தக் கேள்வியைத் தாண்டி, தானே இல்லை என்று எழுதியிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. எவ்வளவு பயந்திருந்தால் இதைச் செய்திருப்பாள் என்றுதான் தோன்றியது.

"சரிதான் டீச்சரே" என்றேன், மூச்சைத் திரட்டிக்கொண்டு. "மோள் ஒண்ணு விடாம கேட்டுத்தான் எழுதினா."

ரிஷானாவின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இன்னும் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது.