கண்ணாடியைக் கழற்றினால்

"நான் கண்ணாடியக் கழட்டினா மைக் செத்துடணும். புரியுதா?" என்றாள் மகளிர் சங்கத் தலைவி.

மைக்செட்காரர் ஒயர்களுக்கு நடுவே குந்தியிருந்தார். வழக்கமாக வருகிறவருக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் வேறு பேட்டையிலிருந்து பிடித்துவந்த ஆள். யார் பேசும்போது என்று கேட்டார்.

மூன்றாவது வரிசை ஓரத்தில் நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த உருவத்தைத் தலைவி கண்ணாலேயே காட்டினாள். நெடுநெடு உயரம், அகன்ற தோள், காதில் சின்னத் தோடு. மண்டபம் நிரம்பி வழிந்தும் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

மைக்செட்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். முகம் இறுகிப்போயிற்று. "பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஒயருக்குள் தலையை விட்டுக்கொண்டார். இந்த ஆளுக்கும் இப்படிப்பட்டவர்களைக் கண்டால் ஆகாது போலிருக்கிறது, நல்லதாய்ப் போயிற்று என்று தலைவி நினைத்தாள்.

நினைத்தாளே தவிர, மனசு உறுத்தத்தான் செய்தது. அவள் ஒன்றும் கெட்டவள் இல்லை. கார்மெண்ட்ஸ் கம்பெனிப் பெண்கள் கைக்குழந்தையை யார் கையிலோ திணித்துவிட்டு வேலைக்கு ஓடுவதைப் பார்த்து வயிறெரிந்தவள். ஒரு குழந்தைகள் காப்பகம் கேட்டு அவள் ஏறி இறங்காத வாசல் இல்லை.

கடைசியில் மனம் இரங்கியவர், மேடையில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தேர்தல் வேட்பாளர்தான். ஜெயித்ததும் காப்பகம் கட்டித் தருவார். ஆனால் யார் ஆண், யார் பெண் என்கிற வம்பு மட்டும் கூட்டத்தில் கிளம்பக்கூடாது. போனில் கறாராகச் சொல்லிவிட்டார். ஜெயிக்கப்போவதும் அவர்தான் என்று ஊரே பேசிக்கொண்டது.

வேட்பாளர்களிடம் கேள்விகள் தொடங்கின. ராத்திரி ஷிப்டு முடிந்து பெண்களை வீட்டில் விடுகிற வண்டி பாதி நாள் வருவதே இல்லை என்றாள் ஒருத்தி. சூப்பர்வைசர் கை நீளுகிறது, புகார் கொடுத்தால் நமக்குத்தான் வேலை போகிறது என்றாள் இன்னொருத்தி. இந்தப் பக்கத்து வேட்பாளரும் அந்தப் பக்கத்து வேட்பாளரும் "பரிசீலிப்போம்" என்ற ஒரே வார்த்தையை மாற்றி மாற்றி மென்றார்கள். நடுநாற்காலிக்காரர் மட்டும் தேன் ஒழுகப் பேசினார். உங்கள் கஷ்டம் என் வீட்டுக் கஷ்டம் என்றபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அப்புறம் நீலச் சால்வை எழுந்து நின்றது.

தலைவியின் நாற்காலியை ஒட்டித்தான் மைக்செட்காரரின் மேஜை. மைக் கைமாறிப் போய்ச் சேருவதற்குள் அவர் சத்தக் குமிழைக் கொஞ்சம் இறக்கி வைத்ததை அவள் பார்த்தாள். இன்னும் வாயையே திறக்கவில்லையே என்று கிசுகிசுத்தாள்.

"பயந்தா அந்தக் குரல் கிறீச்சுனு மேல போயிடும்" என்றார், தலையைத் தூக்காமல். தொழில் தெரிந்த ஆள்தான் என்று தலைவி எடுத்துக்கொண்டாள்.

அவர் சொன்னபடியே குரல் மேலே போனது. குமிழ் இறங்கியிருந்ததால் யார் காதையும் கிழிக்கவில்லை, தெளிவாகவே கேட்டது.

"நானும் அதே கம்பெனியிலதான் தைக்கறேன். பொம்பளையாத்தான் வாழறேன். ஆனா அடையாள அட்டையில ஆம்பளன்னு இருக்கு. அதனால பொம்பளைங்க வண்டியில ஏத்த மாட்டேங்கறாங்க. ராத்திரியில தனியா நடந்து போறேன். ரெண்டு தடவ அடிச்சுப் போட்டுட்டாங்க. அட்டைய மாத்தப் போனா வீட்லேருந்து கையெழுத்து வேணுமாம். வீட்ல போடமாட்டேன்னுட்டாங்க. எனக்கு முப்பது வயசாகுது. இந்த விதிய எடுத்துடுவீங்களா?"

நடுநாற்காலிக்காரர் சிரித்த முகம் மாறாமல் தலைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் காப்பகம் முழுசாக இருந்தது, தொட்டில்கள் உட்பட. தலைவி ராத்திரி ரோட்டில் அடிபட்டுக் கிடந்த யாரோ ஒருத்தியை மனசிலிருந்து தள்ளிவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

மண்டபம் மங்கிப்போனது. மைக் சாகவில்லை. "பதில் சொல்லுங்க ஐயா" என்ற குரல் அப்படியே நின்றது. பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பி, அணைங்க என்று பல்லைக் கடித்தாள். கை குமிழின் மேல்தான் இருந்தது. அணைக்கத்தான் இல்லை.

வேறு வழியில்லாமல் வேட்பாளர் தன் மைக்கை வாய்க்கு அருகே இழுத்தார்.

"இங்க பாருப்பா. உன்னப் பெத்தவங்களே உன்னப் பொண்ணுன்னு ஒத்துக்கல. அரசாங்கம் எப்படிப்பா ஒத்துக்கும்? மொதல்ல உங்கப்பன் வாயால சொல்லச் சொல்லு. அப்புறம் நான் பதில் சொல்றேன்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சற்று முன் வண்டி கேட்டவளும் சிரித்தாள். தலைவிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இந்தச் சிரிப்பை வாங்கித்தானா காப்பகம் கட்டப்போகிறோம் என்று கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மேடையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வரிசையில் நீலச் சால்வைக்காரி கையிலிருந்த மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, தலைவியைத் தாண்டிப் பின்னால் எதையோ வெறித்துப் பார்த்தாள்.

தலைவி திரும்பினாள். மைக்செட்காரர், மேஜையிலிருந்த சோதனை மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி எழுந்து நின்றிருந்தார்.

"என் பொண்ணு கேக்கறா. பதில் சொல்லுங்க."