இரண்டு குட்டை, ஒரு நெட்டை

"அது குருவிம்மா. சொன்னா நம்புங்க."

வனக்காவலர் படகை விட்டு இறங்கவில்லை. ஏரிக்கரையில் கூடாரத்தின் முன் நின்றவள் எதிர்க்கரையையே பார்த்தாள். மறுபடி அந்த விசில் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

"என் வீட்டுக்காரர் விசில் அண்ணே. கூட்டத்துல தொலைஞ்சா இப்படித்தான் கூப்பிடுவார்."

"அந்தக் கரைக்கா போயிருக்கார்? எப்ப?"

"விடியக்காலையில. படம் பிடிக்க."

"பசிச்சா தன்னால வந்துடுவார். நாங்கள்லாம் அப்படித்தான்."

அவள் சிரிக்கவில்லை. "என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

"பொழுது சாயுது, காத்து வேற கிளம்பிடுச்சு. அந்தப் பக்கம் பாதையே கிடையாதும்மா. பாறையும் முள்ளும்தான்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

"என்ன செய்றீங்க?"

"நீந்திப் போறேன்."

"நல்லா வந்து மாட்டினேன் போங்க. ஏறுங்க முதல்ல."

கூடாரத்தின் முன் கவிழ்த்து வைத்திருந்த ஒற்றைத் தம்ளரைக் காற்று உருட்டியது. படகு நகர்ந்தது.

நடு ஏரியில் அலை படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. அவள் இரு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டாள். விசில் நின்றிருந்தது.

"ஏன் நின்னுடுச்சு?"

"பயப்படாதீங்க. அது ஒரு கறுப்புக் குருவி. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும். எங்க குவார்ட்டர்ஸ் மரத்துல ஒண்ணு இருக்கு, என்னை மாதிரியே இருமும். நான் வந்துட்டேன்னு என் சம்சாரம் எத்தனையோ தடவை டீயைச் சூடு பண்ணியிருக்கா."

"ஒரு தடவை கேட்டாலே கத்துக்குமா?"

"எங்க! நாள்கணக்கா காதுல விழணும். என் இருமலைப் பிடிக்க ஒரு மழைக்காலம் ஆச்சு. இடமும் மாறாது. பொறந்த மரத்தைச் சுத்தித்தான் கிடக்கும்."

அவள் எதிர்க்கரையைப் பார்த்தாள்.

"இப்படித்தாம்மா, போன வருஷம் ஒருத்தர் படகு கவிழ்ந்து போயிட்டார். ஏரி முழுக்கத் தேடினோம், உடம்பு கிடைக்கலை. அந்தக் கரையில விசில் கேக்குதுன்னு முகாம்காரங்க ஓடி வந்தாங்க. குருவின்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். எல்லாப் பேச்சுக்கும் போய்ப் பாத்துக்கிட்டிருந்தா ஆகுமா?"

படகு பாறையில் தட்டி நின்றது. மேலே, வளைந்த கிளையில் ஒரு கறுப்புக் குருவி. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலகைத் திறந்தது.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

"பாத்தீங்களா?" காவலர் துடுப்பை மடியில் போட்டுச் சிரித்தார். "இதுக்குப் போய் நீந்த இறங்கிட்டீங்க. வாங்க, திரும்பலாம். உங்க வீட்டுக்காரர் கூடாரத்துக்கு வந்து உங்களைத் தேடிக்கிட்டிருப்பார்."

அவள் குருவியைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, முட்புதருக்குள் இருந்த பாறை இடுக்கைப் பார்த்தாள்.

"அந்த விசில் எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது அண்ணே."

"அப்ப இந்தக் குருவி யார்கிட்ட கத்துக்கிட்டு..."

"நான் தனியாத்தான் வந்தேன்" என்றாள். "போன வருஷம் நீங்க ஏரிக்குள்ள தேடினது அவரைத்தான்."