மற்றவை

மருத்துவர் என்ற சொல்லின் மேல் விரலைக் கொண்டுபோனவள், தொடாமல் நிறுத்தினாள்.

இந்த வரன் தளத்தின் தொழில் வரிசையில் கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவர் உண்டு. வழக்கறிஞர், ஆடிட்டர், விமானி எல்லாம் உண்டு. கடைசியில், போனால் போகிறது என்று, மற்றவை.

கால்நடை மருந்தகத்தில் மதிய நேரம். ஊசி போட்டுக்கொண்ட வெள்ளாடு ஒன்று வெளியே இன்னும் கோபம் தீராமல் கத்திக்கொண்டிருந்தது. சாப்பாடு கொண்டுவந்த அம்மா எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து, மகளின் தட்டைப் பார்க்காமல் போனையே பார்த்தாள்.

"டாக்டர்னு மட்டும் போடு கண்ணு. மிச்சத்த நேர்ல பேசிக்கலாம்."

மிச்சம்.

போன தளத்தில் அம்மாதான் அப்படிப் போட்டாள். சொந்த சாதிக்காரர்களுக்கென்றே நடக்கும் தளம் அது. கோபியிலிருந்து ஒரு குடும்பம் வண்டி பிடித்து வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியைத் தொடுவதற்கு முன்பே பையிலிருந்து தன் ஈசிஜி தாளை எடுத்து நீட்டினார். வருங்கால மருமகள்தானே, பார்த்துச் சொல்லட்டும் என்று.

அவளும் மரியாதைக்கு வாங்கிப் பார்த்தாள்.

"எருமையோடதா இருந்தா சொல்லிருவனுங்க."

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. பஜ்ஜி அப்படியே ஆறியது. அவர்கள் போன பிறகு ஒரு வாரம் அம்மா அவளோடு பேசவில்லை.

அதற்கு முந்தையது மருத்துவர்களுக்கு மட்டுமான தளம். சான்றிதழை ஏற்றியதும் பதில் வந்தது. மன்னிக்கவும், மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் மட்டும்.

எங்கே வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லத் தெரிந்த நோயாளிகள். நல்ல சொகுசுதான்.

இது மூன்றாவது. நல்ல வேலையில் இருப்பவர்களுக்கு, அதிலும் பொழுதுபோக்காக இல்லாமல் வாழ்க்கைக்கே துணை தேடுகிறவர்களுக்கு என்று போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் வந்தாள்.

கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டும். நன்றாகவே வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இன்று நடந்ததைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சாணி, ரத்தம் என்றதும் சோற்றுத்தட்டைத் தள்ளிவைக்காத ஆள்.

ஆனால் மிச்சத்தை மறைத்துவிட்டுக் கட்டிக்கொள்ளும் தாலி வேண்டாம்.

மற்றவை என்பதைத் தொட்டாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

உங்களைப் பற்றி என்ற கட்டம் திறந்தது. அமைதியானவள், குடும்பப் பாங்கானவள், பெரியவர்களை மதிப்பவள் என்று தளமே மாதிரிக்குச் சில வரிகளை எழுதி வைத்திருந்தது. எல்லாவற்றையும் அழித்தாள்.

நான் மாட்டு டாக்டர்.

கன்று குறுக்கே கிடந்தால் தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுப்பேன்.

ராத்திரி கூப்பிட்டாலும் போவேன். கல்யாணத்தன்று கூப்பிட்டாலும் போவேன்.

கடைசி வரியை அம்மா வாய்விட்டுப் படித்தாள். பிறகு கேரியரை அடுக்க ஆரம்பித்தாள், ரசம் மிச்சமிருந்த டப்பாவையும் சேர்த்து. தேவைக்கு மேல் சத்தம் வந்தது.

மறுநாள் தளத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குரலில் தேன் ஒழுகியது.

"மேடம், அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துட்டீங்கன்னா ப்ரொஃபைல் நல்லா மூவ் ஆகும்."

"மூவ் ஆக வேண்டாங்க. நிக்கட்டும்."

நின்றது.

வாரக்கணக்கில் நின்றது. அவளுக்கு வலிக்காமல் இல்லை. மாட்டுக்குக் குளுக்கோஸ் ஏறும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு சாயங்காலம் அந்த வரியின் மேல் விரல் போய் நின்றது. எடுத்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

எடுக்கவில்லை.

வீம்பு என்றாள் அம்மா. வீம்புதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு தளத்தில் ஒருவர் வந்தார். கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிடுவீர்கள்தானே என்று கேட்டிருந்தார்.

இல்லை.

இன்னொருவர், கல்யாணத்தன்றும் போவேன் என்றது தமாஷுக்குத்தானே என்று கேட்டு, சிரிக்கும் பொம்மை ஒன்றும் போட்டிருந்தார்.

அவருக்கும் இல்லை.

கோமாரித் தடுப்பூசி முகாம் முடிந்து தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது தளத்திலிருந்து மறுபடியும் ஒரு செய்தி வந்தது.

கோவையில் ஆடிட்டர். படத்தில் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. மாட்டைக் காலண்டரில் மட்டும் பார்த்த முகம்.

உயரம், சம்பளம், ராசி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே வரிதான் எழுதியிருந்தார்.

கல்யாணத்தன்று கூப்பிட்டால், டார்ச் பிடிக்க நானும் வரலாமா?

இரண்டாம் முறை படித்தாள். இது தமாஷா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. சிரிப்பு வந்தது. சுற்றிலும் மாடுகளைத் தவிர யாரும் இல்லை, ஆனாலும் அடக்கிக்கொண்டாள்.

ஒரு வரிக்கே மயங்கிவிடுகிற ஆளா அவள்?

ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள்.

வரலாம். கை நடுங்கக் கூடாது.