கிளிப் மாட்டாத வரி

பாட்டு எழுதிப் பழகுகிறவர்கள் ஞாயிறுதோறும் அந்த மொட்டை மாடியில் கூடுவார்கள். எழுதிய தாளைக் கொடியில் தொங்கவிட வேண்டும். சரியில்லாத வரியில் மற்றவர்கள் துணிக் கிளிப்பை மாட்டிக் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் சங்கத்துச் சட்டம். இன்றைக்கும் தேறாவிட்டால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்ற முடிவோடுதான் கண்டக்டர் அருமைநாயகம் வந்திருந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, இந்த நிலா போன வாரமும் வந்துச்சு" என்று ஜெயசீலி முதல் கிளிப்பை மாட்டினாள். அப்புறம் ஆளாளுக்கு மாட்டினார்கள். கிளிப் பற்றாமல், பக்கத்துக் கொடியில் காய்ந்த வீட்டுக்காரர் வேட்டியிலிருந்தும் உருவினார்கள். அந்த வேட்டி போன ஊர் வேறு கதை. இருபது வரிக்குப் பத்தொன்பது கிளிப். அருமைநாயகம் செருப்பைத் தேடினார். அப்போது ஒரு காற்று அடித்தது. மற்ற வரிகளெல்லாம் கிளிப்புக்குக் கட்டுப்பட்டு நிற்க, 'இறங்குற இடம் வந்தும் இறங்காம நிக்குறவளே' என்ற ஒரே வரி மட்டும் பிய்ந்து பறந்து, எதிர்மாடியில் வத்தல் பிழிந்துகொண்டிருந்த பெண்ணின் மடியில் விழுந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தாள். தனக்குத் தெரிந்த மெட்டில் மூன்று தரம் பாடிப் பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவருக்கு வந்து, "ஏங்க, கடைசியில அவ இறங்குனாளா இல்லையா?" என்று கத்தினாள். அருமைநாயகத்துக்கே அது தெரியாது. மாட்டிய ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் இரும்மா" என்றவர், ஜெயசீலியிடம் பேனாவுக்குக் கை நீட்டினார்.