நீட்டிய கால்கள்

"தம்பி, காலைப் பிடி!"

சொல்லிவிட்டு, படகுத்துறை பெஞ்சில் மகாராணி மாதிரி சாய்ந்துகொண்டு இரண்டு கால்களையும் நீட்டினாள் இங்குன். முக்குளிப்புச் சங்கத்தின் தலைவி. வயது ஐம்பத்தெட்டு.

பக்கத்திலேயே இன்னொரு ஜோடிக் கால்கள் நீண்டன. அது டோர்கெல். சிரித்தால், மலைகளுக்கு நடுவே நீண்டு கிடந்த அந்த ஃபியோர்டுக் கடலின் எதிர்க்கரை வரைக்கும் கேட்கும்.

"அப்படியே எனக்கும் மாட்டி விட்டுடு!"

சிந்த்ரே பனி உறைந்த பலகையில் மண்டி போட்டு, நீந்துவதற்குப் பாதத்தில் போடும் ரப்பர் துடுப்புகள் நாலையும் மாட்டிவிட்டான். மற்றவர்கள் ஜோடி ஜோடியாக ஒருவருக்கொருவர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் இந்த இரண்டு பேரும் அவன் தலையில் விழுந்திருந்தார்கள்.

நாலு டிகிரித் தண்ணீரில் இறங்க டிரை சூட் வேண்டும். உள்ளே இரண்டு அடுக்குக் கம்பளி, மேலே தண்ணீர் புகாத ரப்பர், முதுகில் சிலிண்டர், மூழ்குவதற்கு இடுப்பில் ஈயக் கட்டி. எல்லாம் ஏற்றி முடித்த பிறகு கடைசியாகத்தான் துடுப்பு. அந்தக் கோலத்தில் குனிவது சிரமம்தான். ஆனால் முடியாத காரியம் இல்லை. ஒரு காலை மடக்கி மறு முழங்கால் மேல் போட்டு, பட்டையை இழுத்துவிட்டால் தீர்ந்தது. ஆஸ்லோவில் இருந்தவரை அவன் அப்படித்தான் செய்தான்.

இந்தச் சங்கத்திலோ ஒரு விசித்திரச் சட்டம். யாரும் தன் துடுப்பைத் தானே மாட்டக் கூடாது. மாட்டினால், அன்றைக்கு எல்லாருக்கும் அவரே வாஃபிள் சுட வேண்டும்.

வந்த முதல் நாளே சிந்த்ரே தெரியாமல் மாட்டி, மாட்டிக்கொண்டான். முப்பத்தி நாலு வாஃபிள்.

"ஆஸ்லோக்காரனுக்கு மாவு கலக்கக்கூட வரலையே!" என்று டோர்கெல் சிரித்த சிரிப்பு இன்னும் அவன் காதைவிட்டுப் போகவில்லை.

இது சங்கமா, சமஸ்தானமா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே துறைக்கு வந்துவிட்டான். இங்குன் முழு உடுப்போடு விளிம்பில் நின்றிருந்தாள். தண்ணீரில் மிதந்த சிநேகிதி ஒருத்தி, "சீக்கிரம் வாடி, விறைக்குது!" என்று கத்தினாள்.

இங்குன் பன்னின் கடைசித் துண்டை மென்று விழுங்கிக்கொண்டே ஒற்றைக் காலில் நின்றாள். டக், டக். இரண்டு துடுப்பும் ஏறிவிட்டன. தொப்பென்று குதித்துவிட்டாள்.

சிந்த்ரேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேலே ஏறி வந்ததும் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"பாத்துட்டேன்."

"எதை?"

"நீங்களே துடுப்பு மாட்டினதை. அடுத்தவங்க உங்க காலடியில மண்டி போடறதுல அப்படி என்ன சந்தோஷம்? இன்னிக்கு வாஃபிள் மேஜையில எல்லார் முன்னாடியும் கேக்கத்தான் போறேன்."

இங்குன் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டுடாதே தம்பி. டோர்கெல் காதுல விழுந்தா எல்லாம் போச்சு."

"அவருக்கும் இதுக்கும் என்ன?"

"ரெண்டு வருஷம் முன்னாடி அவனுக்கு முதுகுல ஆபரேஷன். அப்புறம் முதல் தடவை இங்க வந்தப்போ, துடுப்பு மாட்ட முடியாம அரை மணி நேரம் தவிச்சான். ஒருத்தர்கிட்டயும் உதவி கேக்க மாட்டான், அவ்வளவு ரோஷம். 'சூட்டை வித்துடறேன்'னு எழுந்துட்டான். கடலை விட்டா அவனுக்கு யாரு இருக்கா? நான் சட்டுனு பக்கத்துல உக்காந்து, 'எனக்கும் இடுப்பு வளையலைப்பா, யாராவது மாட்டி விடுங்க'ன்னு காலை நீட்டிட்டேன். அந்த வாரமே சட்டமும் போட்டேன். எல்லாரும் நீட்டினா, அவன் கால் மட்டும் தனியாத் தெரியாதில்ல?"

சிந்த்ரே மறித்து நின்ற வழியை விட்டு விலகினான். தான் பேசிய பேச்சை நினைக்க வெட்கமாக இருந்தது.

"சட்டத்தை மீறினது நான்தான்" என்று கண் சிமிட்டினாள் இங்குன். "இன்னிக்கு வாஃபிள் என் பொறுப்பு. காரணத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே."

பத்து மணிக்கு எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். பெஞ்சில் இரண்டு ஜோடிக் கால்கள் நீண்டன. இந்தத் தடவை யாரும் கூப்பிடுவதற்கு முன்பே சிந்த்ரே ஓடிப்போய் மண்டி போட்டான்.

இங்குனுக்கு மாட்டியாயிற்று. துடுப்புக் காலோடு பின்பக்கமாகவே நடந்துபோய் அவள் தண்ணீரில் விழுந்தாள்.

அடுத்து டோர்கெல். அவருடைய தடித்த கையுறை ஒன்று நழுவி, பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது.

"இருங்க, இருங்க! நீங்க குனியாதீங்க!" என்று பதறினான் சிந்த்ரே.

அவன் சொல்லி முடிப்பதற்குள் டோர்கெல் முதுகில் சிலிண்டரோடு அப்படியே மடங்கி, தன் குதிகாலுக்குப் பின்னால் கிடந்த கையுறையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார்.

சிந்த்ரே விழித்தான். "உங்க முதுகு...?"

"அது சரியாகி ஒரு வருஷமாச்சு."

டோர்கெல் தண்ணீரை எட்டிப் பார்த்தார். தலையை மூடிய ரப்பர் தொப்பிக்குள் இங்குனுக்கு எதுவும் கேட்டிருக்காது. இருந்தாலும் அவர் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வெளியே மூச்சு விட்டுடாதே, பையா. பாவம் இங்குன், இடுப்பு வளையலைன்னு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. இப்போ நானே மாட்டிக்க ஆரம்பிச்சா, அவ கால் மட்டும் தனியாத் தெரியுமே!"