உதட்டோர நீலம்

ஓவியர் தமயந்தியின் கணவர் கருணாகரன் ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். வீடே அழுதது. அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. அவர் காதுமடலிலிருந்து சிவப்பு வடிந்துபோவதையும், நெற்றியில் மஞ்சள் படர்வதையும், கடைசியாக உதட்டோரம் மெல்லிய நீலம் வந்து தங்குவதையும் அவள் கண் தன்பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. தோலுக்கு அடியில் என்ன நிறம் ஓடுகிறதென்று தேடித் தேடிப் பார்க்க வருஷக்கணக்காக அவளே பழக்கிய கண் அது. வேண்டாமென்றால் கேட்குமா?

காரியமெல்லாம் முடிந்தபின், அவருடைய சிரித்த முகத்தை வரைய உட்கார்ந்தாள். எந்தச் சிவப்பைக் குழைத்தாலும் முகம் அந்த நீலத்திலேயே போய் நின்றது. வரைந்ததையெல்லாம் சுரண்டிப் போட்டாள்.

“எனக்கும் அப்பா நெறம்தானேம்மா. என்னைப் பாத்து வரை” என்று மகள் நிரஞ்சனா ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள்.

நல்ல வெளிச்சம். தமயந்தி மகளின் நெற்றியைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், உதட்டுக்கு வந்தாள். அந்த நீலம் அங்கே இருந்தது.

“என்னம்மா அப்படிப் பாக்குற?”

“ஒண்ணுமில்ல. ஆடாம இரு.”

வாழ்க்கையில் முதல்முறையாக, தன் கண் அங்கே காணாத ஒரு நிறத்தைத் தூரிகையில் எடுத்தாள். செக்கச்செவேலென்று உதட்டில் பூசினாள். கன்னத்திலும் பூசினாள்.

மகள் எழுந்து வந்து படத்தைப் பார்த்துச் சிரித்தாள். “நான் இப்படியா இருக்கேன்?”

“இப்படித்தான் இருக்கே” என்றாள் தமயந்தி, அவள் பக்கம் திரும்பாமலே.